அண்ணனுக்குத் திறந்த போர்ட்

காரைக்காலில் பிரான்சு உறவு உள்ள வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், அடக்கம் எதுவானாலும் முதலில் வீடியோக்காரரைக் கூப்பிடுவோம். சாமியாருக்குச் சொல்லி அனுப்புவது அதற்கப்புறம்தான். எடுத்ததை கேசட்டிலோ சி.டி.யிலோ போட்டு, அடுத்து யார் பாரிசுக்குக் கிளம்புகிறார்களோ அவர்கள் பெட்டியில் கருவாட்டுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் சொருகி அனுப்பிவிடுவோம். வர முடியாதவர்களுக்காக ஆரம்பித்த பழக்கம் அது. போகப் போக, வர மனசில்லாதவர்களுக்கு அதுவே நல்ல வசதியாகப் போய்விட்டது.

என் அண்ணன் அந்த இரண்டாம் வகை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வயதில் போனவன். நேரில் பேசும்போது 'வாங்க போங்க' என்றுதான் பேசுவேன், எனக்குப் பத்து வயது மூத்தவன். எழுதும்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. வராவிட்டால் போகட்டும்.

அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். வீடியோக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, மூத்தவரு பாக்கணும்ல" என்றார். என் சித்தி அம்மாவின் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினாள். அதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். சி.டி. போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் போன் செய்தான்.

"பாத்தேம்மா. நல்லா எடுத்திருக்கான். ஆனா அழுகைச் சத்தம்தான் ரொம்ப இருக்கு, பிள்ளைங்க பயப்படுதுங்க. அதக் கொறச்சிட்டு, மாதா பாட்டு ஏதாச்சும் போட்டு இன்னொரு காப்பி அனுப்பச் சொல்லேன்."

அந்த அழுகைச் சத்தத்தில் பாதி என்னுடையது. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். காப்பி அனுப்பவில்லை. ஆனால் அன்றைக்கு மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இவனுக்கு ஒருநாள் எதையும் குறைக்காமல், பாட்டுப் போடாமல், உள்ளதை உள்ளபடி காட்டுவேன் என்று.

அதற்கு வேளை வர மூன்று வருஷம் ஆயிற்று.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் உலகம் கூடத்து நாற்காலியும் பக்கத்துக் கட்டிலும்தான். மூச்சு வேறு வாங்கியது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்குங்க. வெளியூர்ல பிள்ளைங்க இருந்தா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். நான் அதை அப்படியே அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் மேரியில் எழுத்தராக இருந்தவர். எங்கள் ஊரில் நகராட்சிக்கு இன்னும் மேரி என்றுதான் பேர். எத்தனையோ சாவுகளைத் தன் கையால் பதிவு செய்தவருக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பெரியவன் எப்ப வாரானாம்?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். மூத்த மகனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். போனில் பேச முடியாது, அவருக்குப் போனில் காது கேட்காது. "என்னது? என்னது?" என்று கத்திவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார்.

அண்ணனிடம் சொன்னேன். ஆகஸ்ட்டில் வருவதாகச் சொன்னான், டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

"அதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நல்ல வீடியோக்காரரா பாத்து வச்சுக்கம்மா. அம்மாவுக்கு எடுத்தவன் வேணாம்."

போனைப் பட்டென்று வைத்தேன். கோபத்தில்தான்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகாததால் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால்தான் ஆகவில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சென்டர் முதலாளி சென்னை போனபோது, ரிச்சி தெருவில் நேராக நெட்டில் செருகுகிற கேமரா ஒன்று வாங்கிவரச் சொன்னேன். உள்ளங்கை அளவுதான் இருந்தது. படம் மட்டும் வரும், சத்தம் வராது. சத்தமில்லாதது ஒன்றுதான் அண்ணனுக்கு நான் செய்த சலுகை.

என் திட்டம் எளிமையானது. அப்பா எப்படி இருமுகிறார், கஞ்சி எப்படி மேலெல்லாம் சிந்துகிறது, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைக்க நான் எப்படி மூச்சுப் பிடிக்கிறேன், எல்லாவற்றையும் அவன் பாரிசில் உட்கார்ந்து தினமும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் தவிக்க வேண்டும். ஆகஸ்ட் வரை காத்திருக்க முடியாமல் ஓடி வர வேண்டும். ஓடி வந்தாலும் நான் மன்னிக்கப் போவதில்லை. அதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு ரூட்டர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததுதான். "புதுசு மாத்திட்டோம், இது சும்மா கெடக்கு" என்று முந்தைய தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போனான். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் உள்ளே போய் அதன் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் பிரெஞ்சு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பா சாயங்காலம் ஆனால் அண்ணனை உட்கார வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "உனக்கு எதுக்கு, நீ போயி அம்மாவுக்கு மீன் ஆய்ஞ்சு குடு" என்பார். அதனால் காரைக்காலில் பிறந்து, மேரி எழுத்தரின் மகளாக இருந்தும், எனக்கு 'மெர்சி' தாண்டி ஒரு வார்த்தை தெரியாது.

கம்ப்யூட்டரை அப்பாவின் நாற்காலி ஓரமாக இழுத்து வைத்தேன். "இதப் படிச்சுச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கேமரா மாட்டப் போறேன். பெரியவரு அங்கேருந்து ஒங்களப் பாக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ரூட்டர் என்பது கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காவல்காரன். வீட்டிலிருந்து வெளியே போகிறவர்களை விடும், வெளியிலிருந்து கேட்காமல் வருகிறவர்களை விடாது. நம் கேமராவை வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டுமானால், "இந்த எண் உள்ள வாசலை யாராவது தட்டினால் நேரே கேமராவிடம் அனுப்பு" என்று அதனிடம் சொல்லி வைக்க வேண்டும். அந்த வாசலுக்குப் பேர்தான் போர்ட். அனுப்பச் சொல்வதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இது எனக்குச் சென்டரில் தெரிந்திருந்தது. அந்தப் பெட்டியின் எந்த மூலையில் அது இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அப்பா ஒவ்வொரு தலைப்பாக வாசித்தார். மேரியில் கோப்பு வாசிக்கிற அதே குரல், மூச்சு மட்டும் இடையிடையே நின்றது.

"பாஸ்ரெல்னு போட்டிருக்கான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல போடுற பலகை அது. இங்க எதுக்கு அது?"

"நெட்டுக்குப் போற வழியச் சொல்றான். விட்டுட்டு அடுத்ததப் படிங்க."

"இங்க குத்தகைன்னு இருக்கு. இத்தன மணி நேரத்துக்குன்னு போட்டிருக்கான். யாரு யாருக்கு குத்தகை விட்டான்?"

வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். கேமராவுக்கு மட்டும் எண் மாறவே கூடாது, மாறினால் வாசல் திறந்தும் வந்தவன் வேறு இடத்தில் போய் முட்டுவான். "அப்ப இதுக்குப் பட்டா போட்டுக் குடுத்துடு" என்றார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் "ரெதிரெக்சியோன் தெ போர்" என்று ஒரு வரி வந்தது. "இதுதாண்டி. திருப்பி விடுறது" என்றார். வாசலின் எண்ணைப் போட்டேன், கேமராவின் எண்ணைப் போட்டேன். கீழே இருந்த பொத்தானைக் காட்டி என்ன என்று கேட்டேன். பதிவு செய் என்று இருக்கிறது, அழுத்து என்றார். அழுத்தினேன்.

என் கம்ப்யூட்டரில் கேமராவின் எண்ணைத் தட்டியதும் அப்பா திரையில் வந்தார். நரைத்த மார்மயிரோடு, பனியன் ஓட்டையோடு. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அந்த எண்ணையே அண்ணனுக்கு மெயிலில் அனுப்பினேன்.

மறுநாள் போன். "என்னம்மா அனுப்பிருக்க? அதத் தட்டுனா என் வீட்டு பிரிண்டரோட பக்கம்ல வருது."

ஆத்திரம் கண்ணை மறைத்ததில் செய்த முட்டாள்தனம் அது. நான் கொடுத்தது வீட்டுக்குள் செல்லுபடியாகும் எண். எல்லா வீட்டிலும் அடுப்படி என்று ஓர் இடம் இருப்பதுபோல அந்த எண் எல்லா வீட்டு ரூட்டருக்கும் உள்ளேயும் உண்டு. பாரிசில் இருப்பவன் அடுப்படிக்குப் போ என்றால் அவன் வீட்டு அடுப்படிக்குத்தான் போவான். வெளியுலகத்துக்கு எங்கள் வீட்டின் எண் வேறு. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே கரண்டு போய் வந்தது. காரைக்காலில் கரண்டு போகாத நாள் ஏது? திரும்ப லைன் வந்ததும் வெளி எண் மாறிவிட்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி மாறியது. பிறகு இலவசமாகப் பேர் வைத்துக் கொடுக்கிற ஒரு சேவையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பேர் வாங்கினேன். எண் எத்தனை தடவை மாறினாலும் ரூட்டரே போய் அந்தப் பேரிடம் புது எண்ணைச் சொல்லிவிடும். இந்தத் தடவை வீட்டில் சோதிக்கவில்லை, சென்டருக்குப் போய் அங்கிருந்து தட்டினேன். அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் பாய்ந்து வீட்டுக்கு ஓடலாம் போல இருந்தது. இதுதான் வேண்டும், அண்ணனுக்கும் இதுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணனுக்கு அப்படி நடக்கவில்லை.

"ஆகா, சூப்பரும்மா! அப்பா நல்லாத்தான இருக்காரு? நீ சொன்னதுல நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்றான்.

அவனுக்குக் காலைக் காப்பி நேரம் எங்களுக்கு மதியச் சோற்று நேரம். தினமும் காப்பியோடு உட்கார்ந்து அப்பா சாப்பிடுவதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். எனக்கு வேண்டிய தவிப்பு அவனிடம் துளிகூட இல்லை. டி.வி.யில் தொடர் பார்க்கிறவன் போல நிம்மதியாக இருந்தான். ஒருநாள் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா கூடத்துக்குள் கூடையை இறக்கினார். அப்பா தொட்டுப் பார்த்து வாங்க ஆசைப்படுவார் என்று உள்ளேயே வரச்சொல்வேன். கொஞ்ச நேரத்தில் போன்.

"கொடுவா வாங்குனீங்க போல? எனக்கு நாக்குல எச்சி ஊறுதும்மா!"

மீன்கார அக்கா கூரைப் பக்கம் அண்ணாந்து கேமராவைப் பார்த்து, "அங்கேருந்து மீனப் பாக்குறவரு இங்க வந்து அப்பாவப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். கேமரா வழியாகச் சத்தம் போகாதே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. பூசை முடிந்து அங்கே இருக்கிற உறவுக்காரர்கள் எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடி அப்பாவைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் அண்ணி போன் செய்வாள். "மாமாவுக்குச் சட்டை போட்டு விடக் கூடாதா? நாலு பேரு பாக்குறோம்ல." "அந்தக் கஞ்சிய ஒரு துணி வச்சுத் தொடச்சு விடலாமே?" "நேத்து பதினோரு மணி வரைக்கும் ஒன்னக் காணமே, மாமா தனியாவா இருந்தாரு?" நேற்று பதினோரு மணி வரை நான் அவருக்கு மருந்து வாங்க வரிசையில் நின்றேன்.

அண்ணனைத் தவிக்க வைக்கப் போய் நானே கண்காணிப்பில் மாட்டிக்கொண்டேன். என் வீட்டில், என் கையால் திறந்த வாசல் வழியாக. கட்டிலிலிருந்து அவரைத் தூக்கும்போது புடவை விலகுகிறதா என்று கவலைப்பட வேண்டியதாயிற்று. மதியம் சோற்றுக்கு முன்னால் அப்பாவுக்குச் சலவைச் சட்டை மாற்றி, தலை வாரி, மேசையில் விரிப்புப் போட்டு வைத்தேன். எல்லாம் அவர்கள் வாயை மூடுவதற்காக. அதைப் பார்த்து அண்ணன் இன்னும் நிம்மதியானான். என்னை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

அப்பா சில நாள் கேமராவை நிமிர்ந்து பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ பேசுவார்.

"அங்க கேக்காதுப்பா."

"தெரியும்" என்பார். பிறகும் பேசுவார்.

ஜூலையில் அண்ணன் போன் செய்தான்.

"ஆகஸ்ட்ல வரலம்மா. பிள்ளைங்க ஸ்பெயின் போகணும்னு சொல்லுதுங்க. அப்பாவத்தான் தினமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன். நல்லாவே இருக்காரு. அடுத்த வருஷம் பாக்கலாம். நீ பண்ணதுலயே இதுதாம்மா பெரிய வேலை, ஒனக்கு எப்புடி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அவனை வரவைப்பதற்காக நான் செய்தது, அவன் வராமலிருப்பதற்குக் காரணமாகிவிட்டது. அதற்கு நன்றி வேறு. அம்மாவின் முகத்தைத் திருப்பிய சித்தியும் நானும் இப்போது ஒன்றுதான். நான் அப்பாவின் முகத்தைத் தினமும் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

"பெரியவன் என்ன சொல்றான்?" என்று அப்பா கேட்டார்.

"வாராராம்" என்றேன். அவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் அந்தப் பெட்டியின் பிரெஞ்சு எனக்குப் பழகியிருந்தது. திருப்பி விடுகிற பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. அதன் ஓரத்தில் "சுப்ரிமே" என்று பொத்தான். அழித்துவிடு என்று பொருள். உறுதியா என்று அது கேட்டது. எதற்கும் எனக்கு அவ்வளவு உறுதி இருந்ததில்லை. அழுத்தினேன்.

கேமராவைக் கழற்றவில்லை. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு அந்தக் கூடத்தில் மூச்சு நன்றாக வந்தது.

அண்ணன் போன் செய்தான். "படம் வரலையேம்மா?"

"அப்புடியா? லைன்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்."

"ரூட்டர அமத்திட்டுப் போட்டுப் பாரு."

"போட்டுப் பாத்தேன்."

"லைன்மேனக் கூப்புடு."

"சனிக்கிழம திருநள்ளாறு கூட்டம்ணே, எல்லாரும் அங்க போயிட்டாங்க. வருவாங்க."

லைன்மேனை நான் கூப்பிடவே இல்லை. லைனில் ஒரு கோளாறும் இல்லை. அடுத்த நாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும் கேட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "இருக்காரு" என்பேன். ஒரு வார்த்தைக்கு மேல் கொடுக்க மாட்டேன். சாப்பிட்டாரா என்றால், "கொஞ்சம்". தூங்கினாரா என்றால், "எங்க தூங்குறாரு". ஒரு பொய்யும் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அவனுக்குக் காப்பி இறங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்துப் பழகியவனுக்குத் திடீரென்று திரை கறுத்துவிட்டது. பார்க்காமலே இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை. பார்க்கப் பழக்கிவிட்டுப் பிடுங்கினேன். நான் தேடிக்கொண்டிருந்த பழி கடைசியில் அங்கேதான் இருந்திருக்கிறது. சொல்கிறேன், எனக்கு அவ்வளவு இனித்தது. அவன் குரல் உடைய உடைய நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

"அப்பா உண்மையிலயே இருக்காராம்மா? என்கிட்ட எதயும் மறைக்கலல்ல?" என்று ஒருநாள் கேட்டான்.

"வந்து பாருங்க" என்றேன்.

வந்தான். ஸ்பெயினை விட்டுவிட்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒற்றைப் பையோடு தனியாக வந்தான். வாடகைக் காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் உள்ளே ஓடினான். நாற்காலி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அப்பா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கன்னம், மூக்கு, வழுக்கை விழுந்த தலை. திரையில் இல்லாமல் கையில் ஆள் கிடைத்ததும் அவருக்கு விடவே மனசில்லை. அண்ணன் அழுதான். குறைக்கச் சொன்னானே, அந்தச் சத்தத்தில் அழுதான். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் இத்தனை வருஷம் எதிர்பார்த்தேன். கொஞ்சம்கூட இரங்கவில்லை.

இரண்டு பேரும் அன்று முழுக்கப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரித்தார். நான் தோசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன பேசுகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "வந்ததுக்கு இதச் சரி பண்ணிட்டுப் போறேன்" என்றான். அவனுடைய ரூட்டர், அவனுக்குத் தெரிந்த மொழி. நேராக அந்தப் பக்கத்துக்குப் போனான். அங்கே ஒரு வரியும் இல்லை.

பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். முகம் சிவந்திருந்தது.

"இது தானா அழியாது. யாரோ அழிச்சிருக்காங்க."

எனக்குப் பயம் இல்லை. இந்தக் கேள்விக்கு நான் பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆமாம், நான்தான் அழித்தேன். அம்மாவுக்கு அழுத அழுகையைக் குறைக்கச் சொன்னீர்களே, அதற்காக. வீடியோக்காரனைப் பார்த்து வைக்கச் சொன்னீர்களே, அதற்காக. கொடுவா மீனுக்காக. ஸ்பெயினுக்காக. ஒவ்வொன்றையும் வரிசையாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"நான்தான் மூடச் சொன்னேன்" என்றார் அப்பா.

தமிழில் சொன்னார். மகனோடு இருந்த நேரமெல்லாம் பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டிருந்தவர், இதை மட்டும் எனக்கும் புரியும்படி சொன்னார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பினான். "நீங்களா? ஏம்ப்பா?"

"ஒன்ன நேர்ல பாக்கணும்னு இருந்துச்சு. வேற வழி தெரியல. பாப்பா மாட்டேன்னுதான் சொன்னா. அண்ணன் பயந்துருவாரு, வேணாம்ப்பான்னா. நான்தான் கேக்கல. அவ மேல கோவப்படாத."

எழுத்து மாறாமல் பதிவு செய்வதில் அப்பா ஊரில் பேர் எடுத்தவர். செத்தவரின் வயதை ஒரு வருஷம் கூட்டிப் போடச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்.

அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன மன்னிச்சிரும்மா. ஒன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன். எனக்காகப் பேசியிருக்க" என்றான். கண்ணில் தண்ணீரோடு சொன்னான். அவன் கையை உதறிவிட்டு, "பேசல, நான்தான் அழிச்சேன்" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அப்பா பொய்யராகிவிடுவார். அவனுக்கு முன்னால், இந்த வயதில். நான் அவன் கையைப் பிடித்தபடி நின்றேன். என் பழியை அப்பா என் வாயிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டார்.

அண்ணன் பாரிசுக்குக் கிளம்பிப் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், "ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"சோத்துக்கு முன்னாடி சட்ட மாத்துறத நிறுத்திட்டல்ல, அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"அவன் வரட்டும்னுதான்" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அண்ணன் அடக்கத்துக்கு வந்தான். வீடியோக்காரரை அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கல்லறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி மட்டும் இல்லைன்னா..." என்று சொன்னான். இன்றைக்கும் போனில் அதையே சொல்கிறான். அப்பா கேமராவை மூடச் சொன்னபோது தடுத்தவள் நான் என்று அவன் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறான். அவன் சொல்கிற ஒவ்வொரு நன்றியும் என் மேல் கொதிக்கிற எண்ணெயாக விழுகிறது. நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஆனால் ஒன்று. அப்பா அவனுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்து ஒரு பாஷையைக் கொடுத்தார். பேர் கொடுத்தார், முதல் பிள்ளை என்கிற இடத்தைக் கொடுத்தார், சாகும் முன்னால் பார்க்க வேண்டும் என்கிற ஆசையையும் அவனுக்கே கொடுத்தார். அத்தனை பெற்றவனுக்காக அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. எனக்காகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, மூத்த மகனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் தமிழ் படிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அழித்தது நான்தான். அப்பாவுக்கு அது தெரியும்.